நீ தராத மருந்து

பாப்பா,

இதைக் கையில் எடுக்கும்போது நீ சாப்பிட்டிருக்க வேண்டும். சாப்பிடவில்லை என்றால் இப்படியே மடித்து வைத்துவிட்டு, போய்ச் சாப்பிட்டுவிட்டு வா. அவசரமான சேதி எதுவும் இதில் இல்லை. என் உடம்பு போன வாரம் நீ பார்த்தபடியேதான் இருக்கிறது. போனில் பேசினால் நீ சாப்பிட்டீர்களா என்பாய், நான் சாப்பிட்டாயா என்பேன், அத்தோடு இரண்டு பேரும் வைத்துவிடுவோம். நேரில் வந்தால் முதலில் என் கண் இமையை இழுத்துப் பார்ப்பாய், நாக்கை நீட்டச் சொல்வாய். அதற்குப் பிறகு எனக்குப் பேச்சு வராது. அதனால்தான் எழுதுகிறேன். கொஞ்சம் எழுதினாலே கை ஓய்ந்துவிடுகிறது. போய்ப் படுத்திருந்துவிட்டு வந்து மறுபடி எழுதுகிறேன். கையெழுத்து இடையிடையே கோணலாகப் போயிருந்தால் பயந்துவிடாதே, அலுப்புதான்.

நீ சென்னை வேலைக்கு ஒப்புக்கொண்டதை அம்மா சொன்னாள். மூலிகை மாத்திரை விற்கிற கம்பெனி, போனில் கூப்பிடுகிறவர்களுக்கு டாக்டர் என்ற முறையில் பதில் சொல்ல வேண்டும், மாப்பிள்ளையும் பேங்கில் மாற்றல் கேட்டிருக்கிறார் என்றாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் உன் கிளினிக் வாசலில் இருந்த பெயர்ப்பலகையை நீயே ஸ்டூல் போட்டு ஏறிக் கழற்றினாய் என்றும் சொன்னாள். உன்னைத் தடுக்க இதை எழுதவில்லை. போகத்தான் போகிறாய் என்றால் நானே வந்து ரயில் ஏற்றிவிடுகிறேன். ஆனால் இந்த ஒரு வருஷத்தில் நடந்ததில் பாதிதான் உனக்குத் தெரியும். மீதியையும் தெரிந்துகொண்டு போ.

உன்னிடம் முதலில் முதுகு வலி என்று வந்தபோது நான் பெரிதாக ஒன்றும் நினைக்கவில்லை. பேண்டேஜ் கம்பெனியில் இத்தனை வருஷம் துணிப் பேல்களைத் தூக்கி இறக்கியவன், வலிக்காமல் என்ன செய்யும் என்றுதான் நினைத்தேன். நீ தைலம் கொடுத்தாய். மறுபடி வந்தபோது முதுகுத்தண்டில் ஒவ்வொரு கணுவாக விரலால் அழுத்திக்கொண்டே வந்தாய். ஓர் இடத்தில் நான் துள்ளினேன். நீ கையை எடுத்துவிட்டாய். "அப்பா, இது என் தைலத்துக்குக் கேக்குற வலி மாதிரி தெரியல. ரத்தம் குடுத்துப் பாப்போம்" என்றாய். எனக்குக் கோபம் வந்தது. சொந்த மகள் சித்த டாக்டர், அவளே இன்னோர் இடத்துக்கு அனுப்புகிறாளே என்று பஸ்ஸில் வரும்போதெல்லாம் முனகிக்கொண்டே வந்தேன்.

மதுரையில் பெரிய டாக்டர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, எலும்பு மஜ்ஜையில் வருகிற புற்றுநோய் என்றார். அறவே போகாது, ஊசியும் மாத்திரையுமாகக் கட்டுக்குள் வைத்திருக்கலாம், சர்க்கரை நோயோடு எத்தனையோ பேர் இருப்பதுபோல இதோடும் இருந்து பழக வேண்டும் என்றார். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். நீ மட்டும் எழுதிக்கொண்டே இருந்தாய். நாம் வெளியே வந்த பிறகு நான் கண்ணாடியை மறந்துவிட்டேன் என்று மறுபடி உள்ளே போனேன் அல்லவா, அப்போது அவர் கேட்டார், யார் உங்களை இந்த டெஸ்ட் எடுக்கச் சொன்னது என்று. மகள் என்றேன். எலும்பு முறிகிற வரைக்கும் முதுகுவலி மாத்திரை போட்டுக்கொண்டு வருகிறவர்கள்தான் அதிகம், நீங்கள் சீக்கிரம் வந்துவிட்டீர்கள் என்றார். இதை உன்னிடம் அன்றே சொல்லியிருக்கலாம். எனக்கு அன்று எதுவும் மனதில் நிற்கவில்லை.

அதன் பிறகு நம் பிழைப்பே மதுரை ரயில் என்று ஆகிவிட்டது. நான் இராஜபாளையத்தில் ஏறி உனக்கு இடம் போட்டு வைப்பேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் நீ டிபன் பையோடு ஏறுவாய். ஊசி போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு திரும்பி வருவோம். ஊசிகூடப் பழகிவிட்டது. ரத்தம் கொடுத்துவிட்டு ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்கிற நாட்கள்தான் பழகவே இல்லை. கேட்டைத் திறக்கிற சத்தம் கேட்டால் ரிப்போர்ட்தான் வந்துவிட்டது என்று எழுந்து நிற்பேன். தூக்கம் சுத்தமாகப் போய்விட்டது. தம்ளரைக் கொஞ்சம் சத்தமாக வைத்ததற்கு அம்மாவை என்னென்னவோ பேசிவிட்டேன். அவள் அடுத்த நாள் முதல் எவர்சில்வரை எடுத்து வைத்துவிட்டு பிளாஸ்டிக் தம்ளரில் காப்பி கொடுத்தாள். அதைப் பார்த்தபோது எனக்கு என்மேலேயே வெறுப்பாக இருந்தது.

பார்க்க வருகிறவர்கள் யாரும் வெறுங்கையோடு வரவில்லை. சுந்தரபாண்டியத்தில் இருந்து சித்தப்பா மகன் ஒரு பொடி கொண்டுவந்தான். ஆலங்குளத்தில் சிமெண்ட் ஆலையில் இருந்த என் பழைய நண்பன் ஏதோ பழச்சாறு என்று கறுப்பாக ஒரு பாட்டில் கொடுத்தான். ஒருவர் முள் சீத்தா இலை, ஒருவர் பப்பாளி இலை. எல்லாரும் ஒரு கதை சொன்னார்கள். அந்தக் கதையில் ஒருவர் பிழைத்திருப்பார், அவர் எந்த ஊர் என்று யாருக்கும் தெரியாது. நீ வந்து எல்லாவற்றையும் அலமாரியில் இருந்து எடுத்து, மூடியைத் திறந்து மோந்து பார்த்து, எதையும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போவாய். நானும் தொடவில்லை. புற்றுநோயை இலை தீர்த்துவிடும் என்று நம்புகிற ஆள் நான் இல்லை. எனக்கு வேண்டியிருந்தது தூக்கம். மனசு கொஞ்சம் அடங்க வேண்டும், அவ்வளவுதான்.

அதற்குத்தான் உன்னிடம் அமுக்கரா கேட்டேன். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கும், பிரசவம் ஆகித் தூக்கம் கெட்ட பெண்களுக்கும் நீ அதைக் கொடுப்பதைப் பார்த்திருக்கிறேன். அதே கிழங்குப் பொடி எனக்கும் ஒரு ஸ்பூன் கொடுத்தால் என்ன என்று கேட்டேன். நீ முடியாது என்று உடனே சொல்லவில்லை. மதுரை டாக்டரிடம் கேட்போம், அவர் சரி என்றால் தருகிறேன் என்றாய். நீங்கள் சாப்பிடுகிற மாத்திரைகளை ஏற்கெனவே ஈரல்தான் சுமந்துகொண்டிருக்கிறது, அதன் தலையில் இன்னொன்றையும் வைக்க நான் தயாராக இல்லை என்றாய். அவரிடம் கேட்கக் கூடாது என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். நாட்டு மருந்து என்று சொன்னால் அவர்கள் உன்னைக் கேவலமாகப் பார்ப்பார்கள் என்பது என் எண்ணம். உன் மானத்தைக் காப்பாற்றுவதாகத்தான் நினைத்துக்கொண்டேன், பாப்பா.

பிறகு நான் சொன்ன வார்த்தை உனக்கு மறந்திருக்காது. "ஊருக்கெல்லாம் அள்ளிக் குடுக்குற. பெத்தவனுக்குக் குடுக்க மாட்டியா?" என்றேன். நீ அழுவாய் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை. தரையில் உட்கார்ந்து என் பாதத்தை மடியில் எடுத்து வைத்து நல்லெண்ணெய் தேய்த்தாய். தினமும் சாயங்காலம் வருகிறேன், மூச்சுப் பயிற்சி சொல்லித் தருகிறேன், கண்மாய்க் கரைவரை நடந்துவிட்டு வருவோம் என்றாய். மூச்சு விட எனக்குத் தெரியும் என்று காலை இழுத்துக்கொண்டேன். எண்ணெய்க் கையைத் துடைக்காமலே நீ பஸ்ஸுக்குப் போனாய்.

அந்த வாரமே நம் தெரு லூர்து அண்ணன் வீட்டுக்குப் போனேன். ரிட்டயர் ஆன பிறகு அவர் ஏதோ ஒரு கம்பெனியின் மூலிகை மாத்திரைகளை வீட்டில் வைத்து விற்கிறார், உனக்குத் தெரியும். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் கேட்டார், டாக்டரிடம் சொல்லிவிட்டீர்களா என்று. சொல்லிவிட்டேன் என்றேன். மகளிடம் கேட்டீர்களா என்றார். அவள்தான் வாங்கிக்கொள்ளச் சொன்னாள் என்றேன். வாய் கூசாமல் சொன்னேன். பாட்டிலில் பச்சை இலைப் படம், மன அழுத்தம் நீங்கும் என்று தமிழிலேயே எழுதியிருந்தது, மூடியைச் சுற்றி சீல் சரியாக இருந்தது. எத்தனையோ வருஷம் புண்ணுக்கு வைக்கிற காஸ் துணிப் பாக்கெட்டுகளின் சீலைப் பார்த்தே காலம் தள்ளியவன் நான். சீல் பிரியாமல் இருந்தால் உள்ளே இருப்பது சுத்தம், அதை நம்பிப் புண்ணில் வைக்கலாம் என்று வேலைக்கு வந்த ஒவ்வொரு பிள்ளையிடமும் சொன்னவன். அந்தப் பழக்கத்தில் அந்தப் பாட்டிலையும் நம்பினேன். உள்ளே இருப்பது எனக்கு ஆகுமா என்று சீல் சொல்லாது என்பது எனக்குத் தோன்றவில்லை.

உண்மையைச் சொல்கிறேன், எனக்குத் தூக்கம் வந்தது. மாத்திரையாலா, ஏதோ ஒன்று சாப்பிடுகிறோம் என்ற நினைப்பாலா, தெரியாது. சில வாரம் பழைய மனுஷனாக இருந்தேன். மார்க்கெட்டுக்கு நடந்து போய் மீன் வாங்கி வந்தேன். அம்மா மறுபடி எவர்சில்வர் தம்ளரை எடுத்தாள். முகம் தெளிந்திருக்கிறது என்று நீயும் சொன்னாய். உன் மூச்சுப் பயிற்சியைத்தான் யாருக்கும் தெரியாமல் செய்கிறேன் போல என்று சந்தோஷப்பட்டாய். நன்றாக இருக்கிறதே என்று பாட்டிலில் போட்டிருந்ததைவிடக் கூடுதலாகவே சாப்பிட ஆரம்பித்தேன். மூலிகைதானே, கூடினால் என்ன என்று.

பிறகு சாப்பாடு பிடிக்காமல் போனது. சிறுநீர் காப்பி நிறத்தில் போனது. வெயில் என்று சொல்லிச் சமாளித்தேன். மதுரைக்குப் போன அன்று ரயிலில் எனக்கு எதிரே உட்கார்ந்து என் கண்ணையே பார்த்துக்கொண்டு வந்தாய். சிவகாசி தாண்டும்போது, "அப்பா, என்ன சாப்பிட்டீங்க?" என்றாய். ஒன்றும் இல்லை என்றேன். நீ திரும்பக் கேட்கவில்லை.

ரிப்போர்ட்டில் ஈரல் கெட்டுப்போயிருப்பது தெரிந்தது. ஊசி போட முடியாது என்று நிறுத்திவிட்டார்கள். பெரிய டாக்டர் வருவதற்குள் ஓர் இளம் டாக்டர் வந்தார். வேறு என்ன மருந்து எடுக்கிறீர்கள் என்று என்னைக் கேட்டவர், பைலைப் புரட்டிவிட்டு, மகள் சித்த டாக்டர் என்று இருந்ததைப் பார்த்து உன் பக்கம் திரும்பினார். "நீங்களே படிச்சவங்க. சொந்த அப்பா மேலயா பரிசோதனை பண்ணுவீங்க?" என்றார். வார்டில் இருந்த அத்தனை பேரும் உன்னைப் பார்த்தார்கள். உனக்கு அந்த நிமிஷம் எல்லாம் புரிந்துவிட்டது என்பதை நான் பார்த்தேன். நான் கொடுக்கவில்லை என்று நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் அப்பா பொய்யனாகிவிடுவார் என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றாய். நான் எழுந்து உட்காரவே சிரமமாக இருந்தது. ஆனாலும் உட்கார்ந்து, "அவ குடுக்கல சார். நான் கேட்டேன். கேட்டும் அவ குடுக்கல" என்றேன். என் பையில் இருந்து பாட்டிலை எடுத்துக் கட்டிலில் வைத்தேன். அந்த இளம் டாக்டர் அதை எடுத்து லேபிளைப் படித்தார். உன்னிடம் மன்னிப்புக் கேட்பார் என்று பார்த்தேன். கேட்கவில்லை.

பெரிய டாக்டர் நிதானமான ஆள். இதனால்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது, நாங்கள் கொடுக்கிற மருந்துகூட ஈரலைத் தாக்கும். இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம், எல்லாவற்றையும் நிறுத்திப் பார்ப்போம் என்றார். நிறுத்தினோம். அந்த வாரங்களைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஈரல் மெல்லத் தேறியது, அதற்குள் நோய் கொஞ்சம் மேலே வந்துவிட்டது. இழுத்துப் பிடித்து மறுபடி ஊசியை ஆரம்பித்தார்கள். இப்போது இருக்கிறேன். முன்னைவிடச் சீக்கிரம் களைத்துப் போகிறேன், ஆனால் இருக்கிறேன்.

ஊசி மறுபடி ஆரம்பித்த அன்று நீ மாத்திரை வாங்க வரிசையில் நின்றாய். அப்போது பெரிய டாக்டர் என்னிடம், அடுத்த முறை உங்கள் மகளை உள்ளே கூட்டிவாருங்கள் என்றார். இங்கே வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் ஏதாவது இலையோ பொடியோ சாப்பிடுகிறார்கள், எங்களிடம் சொல்வதில்லை. எது ஆகும், எது ஆகாது என்று இரண்டு பக்கமும் தெரிந்த ஆள் எங்களுக்கும் வேண்டும் என்றார். உன்னிடம் சொல்லத்தான் காத்திருந்தேன். மாத்திரைப் பையோடு நீ திரும்பி வந்த முகத்தைப் பார்த்ததும் வாய் வரவில்லை. அன்று நீ என்னோடு பேசிக்கொண்டிருந்தது தண்ணீர் வேண்டுமா, ஜன்னலைச் சாத்தவா என்ற அளவில்தான்.

ஊரில் வேறு கதை ஓடிக்கொண்டிருந்தது எனக்கு வெகுநாள் தெரியாது. டாக்டரம்மா கொடுத்த மருந்தில்தான் அவள் அப்பாவுக்கு ஈரல் போய்விட்டது என்று இராஜபாளையத்தில் பேசி, அது ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறியிருக்கிறது. உன்னிடம் வந்துகொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக நின்றிருக்கிறார்கள். அம்மா கேட்டாளாம், நீ நடந்ததைச் சொல்ல வேண்டியதுதானே என்று. அதற்கு நீ, "எங்கப்பா பொய் சொன்னாருன்னு வீடு வீடாப் போயி சொல்லவாம்மா?" என்றாயாம். அம்மா இதை எனக்குச் சொன்னது பலகையைக் கழற்றிய பிறகுதான். அன்று முழுக்க நான் சாப்பிடவில்லை. ஒரு வார்டுக்குள் உண்மையைச் சொன்னதோடு என் கணக்கு தீர்ந்தது என்று இருந்துவிட்டேன்; வாசலுக்கு வெளியே நீ தனியாகச் சுமந்துகொண்டிருந்திருக்கிறாய்.

போன ஞாயிற்றுக்கிழமை நம் தெரு அன்பியக் கூட்டம். பத்துப் பதினைந்து குடும்பம் கூடி ஜெபிக்கிற கூட்டம்தான், இந்த மாதம் நம் வீட்டுக்கு எதிர்வீட்டில் நடந்தது. வாசகம் வாசித்து முடிந்ததும், யாருக்காவது பகிர்ந்துகொள்ள ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார்கள். நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். அம்மா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். என் மகளிடம் நான் மருந்து கேட்டேன், அவள் தரமாட்டேன் என்றாள், நான் லூர்து அண்ணனிடம் பொய் சொல்லி வாங்கிச் சாப்பிட்டேன், அவர்மேல் தப்பில்லை, அவள்மேலும் தப்பில்லை என்று சொன்னேன். இவ்வளவுதான் சொன்னேன். அதற்குள் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டேன். லூர்து அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு யாரோ பாட்டை ஆரம்பித்தார்கள். காப்பி குடிக்கும்போது எல்லாரும் மழையைப் பற்றிப் பேசினார்கள். இதற்குத்தானா எழுந்து நின்றோம் என்று அலுப்பாக வந்தது.

நான் வீட்டு வாசல்படியில் ஏறும்போது ஜெயராணி பின்னாலேயே வந்தாள். ஸ்பின்னிங் மில்லில் வேலை பார்க்கிறவள், போன வருஷம் மார்பில் ஆபரேஷன் ஆகி மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். படபடப்புக்கு என்று அவளும் ஏதோ ஒரு பொடி சாப்பிடுகிறாளாம். வாங்கிக் கொடுத்தது யார் என்று சொல்ல மாட்டேன் என்றாள். "டாக்டர்ட்ட சொன்னா வைவாகன்னு சொல்லல அண்ணாச்சி. உங்க மக வைவாளா?" என்று கேட்டாள்.

"வைய மாட்டா. கூடாதுன்னா கூடாதுன்னு சொல்லுவா" என்றேன்.

அவள் அப்படியே படியில் உட்கார்ந்து அழுதாள். எனக்குத் தேற்றத் தெரியவில்லை, நானும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பொடியை அன்றே நிறுத்தி, தன் டாக்டரிடம் சொல்வதாக ஒத்துக்கொண்டாள். அவளைப் பார்க்கும்போது ஒன்று புரிந்தது. பொடி கொடுக்க எங்களுக்கு ஊரெல்லாம் ஆள் இருக்கிறார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, சொன்ன பிறகும் எழுந்து போகாமல் காலடியில் உட்கார்ந்திருக்கிற ஆள்தான் இல்லை. எனக்கு இருந்தாள், நான் காலை இழுத்துக்கொண்டேன்.

சென்னையில் போனில் கூப்பிடுகிறவர்களை உன்னால் பார்க்க முடியாது. அவர்கள் கண் மஞ்சளாக இருக்கிறதா என்று தெரியாது, முதுகுத்தண்டில் எங்கே துள்ளுகிறார்கள் என்று தெரியாது. என்னைப் போல ஒருவன் டாக்டரிடம் சொல்லிவிட்டேன் என்று பொய் சொல்வான், நீ நம்ப வேண்டியிருக்கும். இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை, சொல்லிவிட்டேன். மேற்கொண்டு யோசிக்க எனக்குத் தெம்பில்லை. போவதும் இருப்பதும் நீயும் மாப்பிள்ளையும் சேர்ந்து எடுக்க வேண்டிய முடிவு. எனக்காக இருக்க வேண்டாம். என்னால் போகவும் வேண்டாம்.

நீ சொன்ன மூச்சுப் பயிற்சியைச் செய்து பார்க்கிறேன். சில நாள் மனசு அடங்குகிறது, சில நாள் எண்ணிக்கை தப்பி எரிச்சல் வருகிறது. சாயங்காலம் அம்மாவோடு கண்மாய்க் கரைவரை போய் வருகிறேன். போகும்போது அவள் பேசுவாள், வரும்போது நான் பேசுவேன். தூக்கம் வருகிற நாளும் உண்டு, வராத நாளும் உண்டு.

கிளினிக் சாவி இன்னும் உன்னிடம்தான் இருக்கிறது என்று அம்மா சொன்னாள். திங்கட்கிழமை காலையில் நானும் ஜெயராணியும் பஸ்ஸில் வருகிறோம். அவள் தன் ரிப்போர்ட்டெல்லாம் எடுத்து வருவாள். முதலில் அவளைப் பார். பிறகு என்னைக் கூப்பிட்டு, மற்றவர்களிடம் கேட்பதுபோல என்ன செய்யுது என்று கேள். தூக்கம் வரவில்லை என்று இந்த முறை சொல்ல மாட்டேன். பயமாக இருக்கிறது என்று சொல்வேன். ஒரு வருஷமாக அதைச் சொல்லாமல்தான் உன்னிடம் பொடி கேட்டுக்கொண்டிருந்தேன். அதற்கு உன்னிடம் மருந்து இல்லை என்பது எனக்குத் தெரியும், நீ எதுவும் தர வேண்டாம். சொல்லும்போது என் எதிரில் உட்கார்ந்திரு, போதும். எங்களுக்கு முன்னால் வேறு யாராவது வந்திருந்தால் அவர்களை அனுப்பிவிட்டே கூப்பிடு. நான் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன்.

அப்பா